பி.பி. சார் கேஸில் ஒரு கையெழுத்து

1. மேஜைக்கு வந்த நோட்டீஸ்

நான் ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தபோது அந்த நோட்டீஸ் என் மேஜைக்கு வந்தது. திருவண்ணாமலையில் பல வருடம் கோர்ட் ஏட்டாக இருந்தவள் நான். சம்மன் கொடுப்பது, சாட்சிகளைக் கூட்டி வருவது, கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது, இதுதான் என் பிழைப்பு. நோட்டீஸ் எனக்குப் புதிதல்ல. ஆனால் இது எனக்குத் தெரிந்தவரின் கொலை கேஸ்.

கொலையானவர் எங்கள் அரசு வக்கீல். எல்லோருக்கும் பி.பி. சார். நான்கு வருடத்துக்கு முன் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் நடக்கப் போனவரை யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள். சாட்சி பயந்து நடுங்கினால், "ஏட்டம்மா, மொதல்ல அவருக்கு நாலு இட்லி வாங்கிக் குடுங்க, கேஸ் எங்கயும் ஓடிப்போவாது" என்று சொல்கிற மனுஷன். அவரைக் கொல்ல யாருக்கு மனசு வந்ததோ, பாவிகள்!

அவர் தண்டனை வாங்கிக் கொடுத்தவர்களையெல்லாம் விசாரித்தார்கள். ஒருவனும் சிக்கவில்லை. கடைசியில், குற்றவாளி தெரியவில்லை, வழக்கை முடிக்கிறோம் என்று ஸ்டேஷனில் எழுதிவிட்டார்கள். அப்படி முடித்தால் புகார் கொடுத்தவருக்கு அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். புகார் கொடுத்தவர் அவர் மனைவி சரோஜா அம்மா.

"உங்களுக்குப் பழக்கமானவங்கதானே, நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்க. வளவளன்னு பேசிக்கிட்டு நிக்காதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செத்தது யாருன்னு தெரியுமில்லீங்களா சார்?"

"தெரியும்மா. நான் இன்னா பண்ணட்டும்? எனக்கு முன்னாடி மூணு பேரு பார்த்துட்டுப் போயிட்டாங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னது பொய்யில்லை.

2. கீழ்பென்னாத்தூரில்

சார் போன பிறகு அந்தம்மா கீழ்பென்னாத்தூரில் தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டார். நான் போனபோது முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ஏட்டம்மா. இந்த வெயில்ல வந்திருக்கீங்களே! ஆளு கிடைச்சிட்டானா?"

நோட்டீஸை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"அவரு வீட்ல ஒரு நாளும் கேஸ் பத்திப் பேசமாட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. இதுல கையெழுத்துப் போட்டா, போதும் விட்டுடுங்கன்னு நானே சொன்ன மாதிரிதானே?"

என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. "சும்மா ஒரு கையெழுத்துதாங்கம்மா." எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வோம். மேலே ஒன்றும் பேசமாட்டோம்.

"சரி குடுங்க. நீங்களும் களைச்சுப் போயிட்டீங்க. எத்தினி நாளைக்கு உங்களையெல்லாம் அலைய விடுறது?" என்று பேனாவை வாங்கினார். கண்ணில் நீர் கொட்டியது.

எனக்குப் பொறுக்கவில்லை. பேனாவைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"இருங்கம்மா. கையெழுத்து, நோட்டீஸ் கிடைச்சுதுன்றதுக்குத்தான். ஒத்துக்கிட்டேன்றதுக்கு இல்ல. கேஸை முடிக்கக் கூடாது, திரும்ப விசாரிக்கணும்னு நீங்க கோர்ட்ல எழுதிக் குடுக்கலாம்."

அவர் என்னையே பார்த்தார். "இதச் சொன்னதுக்கு உங்கள ஏதாவது செய்ய மாட்டாங்களே?"

"மெமோ குடுப்பாங்க. இந்த வயசுல அதையும் ஒரு தடவ வாங்கிப் பார்க்கறேன்."

சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். பிறகு, "பெற்றுக்கொண்டேன், சம்மதமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

3. கோர்ட்டில்

சரோஜா அம்மா ஆட்சேபணையைத் தன் கைப்படவே எழுதிக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் என் காதருகே வந்து, "இது யாரு வேலைன்னு தெரியும். இருக்கட்டும்" என்றார். மெமோ என்று வாயால் சொல்வது சுலபம். ரிட்டயர் ஆகிற நேரத்தில் வாங்கினால் பென்ஷனுக்கு நாய் படாத பாடு.

மேஜிஸ்ட்ரேட் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆட்சேபணை பண்ணலாம்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

சுவரோரம் நின்றிருந்த என் பக்கம் அந்தம்மா திரும்பவே இல்லை.

"எங்க வீட்டுக்காரர்தாங்க சொல்லியிருக்காரு. இருவது வருஷம் வக்கீலுக்குச் சோறு ஆக்கிப் போட்டவ நான். எனக்கு இதுகூடத் தெரியாதுங்களா?"

மேஜிஸ்ட்ரேட் மேல்விசாரணைக்கு உத்தரவு போட்டார். என் மேல் மெமோ வரவில்லை.

கொலைகாரன் இன்றுவரை பிடிபடவில்லை. பிடிபடுவான் என்று நான் கதைவிட மாட்டேன். ஆனால் பி.பி. சார் கேஸ் மூடப்படவில்லை. ஸ்டேஷனுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு அதிகாரியும் அந்தக் கட்டைப் பிரித்துப் படித்தாக வேண்டும், அந்தம்மா வீட்டுக்குப் போயாக வேண்டும். அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

புதிதாக கோர்ட் டியூட்டிக்கு வருகிற பிள்ளைகளே, அந்த நோட்டீஸை வைத்துப் புகார் கொடுத்தவர்கள் கோர்ட்டில் என்ன கேட்கலாம் என்று அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். பிறகு பேனாவை நீட்டுங்கள். எனக்கு இது புத்தியில் ஏற, நான் மதித்த ஒருவர் சாக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் சும்மா ஒரு கையெழுத்து என்று சொல்லி எத்தனை பேரிடம் வாங்கியிருப்பேனோ! அவர்களில் ஒருவர் முகமும் எனக்கு ஞாபகமில்லை.