கூரையில் இறுக்கிக் கட்டிய கயாக்

நித்தியானந்தனின் கை லொறியில் வெங்காய மூட்டை கட்டிப் பழகின கை. முழங்காலை ஊன்றி, பட்டியைக் கடைசிவரை இழுத்தால்தான் அவனுக்கு மனம் ஆறும். செவன் ஹில்ஸில் படுக்கை, அடுப்போடு கேம்பர் வண்டி வாடகைக்கு விடும் ஜெயரட்ணத்திடம் சேர்ந்து மூன்று மாதம். அதற்கு முதல் இரண்டு இடத்தில் வேலையை விட்டு நிப்பாட்டிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்கு இனி எவன் வேலை தருவான்?

"இது வெங்காயமில்லை ஐசே, பிளாஸ்ரிக் படகு. கையால இழுத்தாப் போதும். இன்னொரு முறைப்பாடு வந்தா நான் பாத்துக்கொண்டிருக்க மாட்டன்," என்று சொல்லித்தான் ஜெயரட்ணம் அனுப்பினார்.

"ஓம் அண்ணை."

அவர் உள்ளே போனதும் ஏணியில் ஏறி இன்னும் கொஞ்சம் இறுக்கினான். யூட் என்கிற சின்ன லொறியின் முதுகில் ஒரு அறை, அந்த அறைக்கு மேலே படகு. காற்றில் பறந்து பின்னால் வாறவன்மேல் விழுந்தால்?

2012 தை மாதக் கோடை வெய்யில். மெல்பேர்ன் போக ஒன்பது மணித்தியாலம். வழியில் அல்பரி ஊர் தாண்டி நிறுத்தி ஏறிப் பார்த்தான். கவிழ்த்துக் கட்டின மஞ்சள் கயாக் படகின் அடி, பட்டி கிடந்த இரண்டு இடத்திலும் குழிந்து போயிருந்தது.

பட்டியைத் தளர்த்தி, கேம்பர் அடுப்பில் கேத்தில் கேத்திலாகத் தண்ணீர் சுடவைத்து, பிளாஸ்ரிக் இளகி எழும்பட்டும் என்று குழிகளில் ஊற்றினான். ஒரு குழி எழும்பியது. மற்றது மசியவில்லை, மடிப்பு விழுந்துவிட்டது.

மெல்பேர்ன் மல்கிரேவில் வாடகை வண்டிக்குக் காத்திருந்தவர் மதுரைக்கார வாசுதேவன். மனைவி கிரிஜாவோடு ஏரிக்குப் போகிறார்.

"கயாக்கின்ர அடியில மடிப்பு இருக்கு. நான்தான் இறுக்கிப்போட்டன்."

"மிதக்குமா?"

"மிதக்கும். ஓட்டையில்லை."

"அப்ப விடுங்கண்ணா, இதைப் போய்..." வாசுதேவன் படிவத்தில் சேதத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போடப் போனார்.

நித்தியானந்தன் பேனையைப் பார்த்தான். பேசாமல் நின்றால் தப்பலாம். ஆனால் வண்டி திரும்பி வரும்போது பழி இந்த மனுசனின் தலையில் விழும்.

"எழுதுங்கோ. எழுதாட்டி நீங்கள் கெடுத்ததெண்டு வரும்."

"எழுதினா உங்களுக்கு?"

"அதை நான் பாப்பன்."

வாசுதேவன் எழுதினார். கீழே இவன் தன் பெயரைப் போட்டான். அங்கிருந்தே ஜெயரட்ணத்துக்கு போன் எடுத்து நடந்ததைச் சொன்னான்.

"சொன்னனான்தானே?"

"ஓம் அண்ணை."

"திங்கள் வரவேண்டாம். வண்டி யார்ட் திறப்பைத் தபாலில அனுப்பும்."

கிரிஜா தேத்தண்ணியோடு வந்தாள். "உக்காருங்கண்ணா, முகமே சரியில்ல."

அவன் வாசற்படியில் குந்தி, சாவிக் கோர்வையிலிருந்து யார்ட் திறப்பைக் கழற்றினான். விரலுக்கு லேசில் வரவில்லை.

"தங்கச்சி, கடிதம் போடுற கவர் ஒண்டு இருக்குமோ?"