மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர்

துடியலூரில் பம்பு செய்யும் பட்டறை முதலாளி அவர். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் ஸ்டீல் ஸ்கேல். பீரோவைப் பூட்டினால் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார்.

பம்பு டிராயிங்குகளைக் கிளவுடில் பத்திரமாக வைக்க, நான் உட்பட மூன்று கம்பெனிக்காரர்களை ஒரே நாளில் வரச்சொல்லியிருந்தார். ஆளுக்கொரு டிராயிங்கைக் கொடுத்து ஏற்றச் சொன்னார். ஏற்றியதும், "நல்லதுங்க. இப்ப சுத்தமா அழிச்சுப்போடுங்க" என்றார். அழித்தோம்.

மறுநாள் காலை மூவருக்கும் போன் செய்தார். "ஏனுங்க, தெரியாம அழிக்கச் சொல்லிப்போட்டேன். திருப்பி எடுத்துக் குடுக்க முடியுங்களா?"

மற்ற இருவரும் பத்தே நிமிடத்தில் எடுத்து அனுப்பிவிட்டார்கள். என்னால் மட்டும் எடுக்க முடியவில்லை. மதியம் வரை முட்டி மோதிவிட்டுப் போன் செய்து, "அழிச்சா அழிச்சதுதாங்க. எங்க சிஸ்டம் அப்படி" என்று கெத்தாகச் சொன்னேன்.

ஆர்டர் எனக்கு வந்தது!

கையெழுத்துப் போடும்போது காரணம் சொன்னார். "அழிக்கச் சொன்னதை வெச்சிருக்கறவன், நாளைக்குப் பக்கத்துப் பட்டறைக்காரன் கேட்டாலும் எடுத்துக் குடுப்பானுங்க."

முடிந்தவரை யோக்கியமாகத் தலையாட்டினேன்.

ஒப்பந்தத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டி, மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பதில் சொல்ல மதியம் ஆச்சுதுங்களே. நீங்களும் நல்லா இழுத்துப் பாத்தீங்களாட்ட இருக்குது?"