அம்மாவும் மகளும் பழகிய வேலைகள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது எங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. மனைவிக்கு முப்பதுகூட ஆகவில்லை. திருமங்கலத்தில் ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். ஒரு நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பிச் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டிலோரம் சரிந்துவிட்டாள். மதுரைக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தது. வலது கை வரவில்லை. வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். பேச்சில் மிஞ்சியது நாலைந்து சொற்கள்தான். பாப்பா, வா, வேணாம், விடு.

டி. கல்லுப்பட்டியிலிருந்து என் அக்கா வந்து தங்கினாள். ஒரே தட்டில் சோற்றைப் பிசைந்து தாய்க்கு ஒரு வாய், பிள்ளைக்கு ஒரு வாய் என்று ஊட்டுவாள். இருவரையும் குளிப்பாட்டுவாள், இருவருக்கும் தலை வாருவாள். அக்கா முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மனைவியும் மறுப்பில்லாமல் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள். கண் மட்டும் சுவரைப் பார்த்தபடி இருக்கும்.

பிசியோதெரபி கொடுத்த பெண் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "எல்லாத்தையும் நீங்களே செஞ்சு குடுத்தா அந்தக் கைய மூளை மறந்துரும் சார். துணி மடிக்கட்டும், பட்டாணி உரிக்கட்டும். எம்புட்டு நேரம் ஆனாலும் பரவால்ல."

அன்று சாயங்காலம் பாயை விரித்து, பச்சைப் பட்டாணியைக் கொட்டி, மனைவியை உட்காரவைத்தேன். மகளும் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒரு காயை எடுத்துப் பிதுக்கினாள். பட்டாணி நாலு பக்கமும் ஓடியது. அக்கா அவளைத் தூக்கப் போனாள்.

"விடு" என்றாள் மனைவி.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு முகம் வாடிவிட்டது.

எனக்கு அது புதிதாக இல்லை. நன்றாக இருந்த நாளில், பள்ளிக்கு வரும் பெற்றோரிடம் மனைவி ஓயாமல் சொல்வதுதான். "கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. பிள்ளையே செய்யும். சிந்தினா தொடைக்கவும் அதுக்கே சொல்லிக் குடுங்க." அப்போது நான் அவளைக் கேலி செய்வேன். இப்போது அவள் கை காட்டியபடியெல்லாம் செய்தேன். மகளுக்கு எட்டும் உயரத்தில் துண்டு மாட்ட ஆணி அடித்தேன். அவள் சட்டைகளை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். அடுப்படியில் ஒரு குட்டை ஸ்டூலில் சின்னச் செம்பில் தண்ணீரும் டம்ளரும் வைத்தேன்.

பேச்சில்லாமல்தான் சொல்லிக்கொடுத்தாள். இடது கையால் ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டுவாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மகள் தண்ணீரைச் சிந்தினால் கரித்துணியைக் காலால் அவள் பக்கம் தள்ளுவாள். செருப்பை ஜோடியாக வைப்பது, அழுக்குத் துணியை வாளியில் போடுவது, தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைப்பது என்று ஒவ்வொன்றாக மகள் பழகினாள். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். மனைவி தலையைக் குனிந்து, நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு மடக்கு மடக்காகக் குடிப்பாள். அவளுக்கு விழுங்குவதிலும் சிரமம் இருந்தது.

சில மாதங்களில் மகள் முந்திப் போய்விட்டாள். சட்டைப் பட்டனைத் தானே போட்டாள். துண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தாள். மனைவி மடித்தது மூட்டையாகவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா மடித்து வைத்த துண்டை மகள் எடுத்து உதறி, திரும்ப ஒழுங்காக மடித்து, மேலே தட்டிக்கொடுத்து வைத்தாள். அதில் குறும்பு எதுவும் இல்லை. மனைவி அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாயிலிருந்த துணி அத்தனையையும் இடது கையால் வாரித் தள்ளிவிட்டாள். மகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அதற்குப் பிறகு மனைவி தன் வலது கைக்கு எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. நான் கெஞ்சினாலும் "வேணாம்" என்பாள். மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் விடவில்லை.

அக்கா மாட்டையும் வீட்டையும் எத்தனை நாள் விட்டுவிட்டு இருக்க முடியும். "இம்புட்டுக்காணு புள்ளைய வேலைக்காரி ஆக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நான் மதுரையில் பம்புசெட் உதிரிபாகக் கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். எதிர்வீட்டம்மா இடையிடையே வந்து பார்த்துக்கொண்டார்.

சித்திரை வெயிலில் ஒரு மதியம் அவர்தான் போன் செய்தார். "தம்பி, உடனே பொறப்பட்டு வாங்க. பாப்பா நல்லாருக்கு. அவங்கதான்…" நான் போவதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் அவர் கண்டதைச் சொன்னார்.

மனைவி வலிப்பு வந்து அடுப்படித் தரையில் மல்லாந்து கிடந்திருக்கிறாள். வாயில் நுரை. தலைக்கடியில் மடித்த துண்டு ஒன்று இருந்தது. முகமும் கழுத்தும் ரவிக்கையும் நனைந்திருந்தன. மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு, கையில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறாள். செம்பு காலியாக இருந்தது. எதிர்வீட்டம்மாவைப் பார்த்ததும் நிதானமாகச் சொல்லியிருக்கிறாள்: "அம்மா சிந்திருச்சு. நான் தொடச்சுட்டேன்."

நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்றார் டாக்டர். "மயக்கத்துல யாராவது தண்ணி குடுத்தீங்களா?"

"பாப்பா குடுத்திருக்கு. இன்னும் மூணு வயசு முடியல" என்றேன்.

"அதனாலதான்னு சொல்ல முடியாது சார். வலிப்பு வந்தப்பவே எச்சிலும் நுரையும் உள்ள போயிருக்கும். இத மனசுல வச்சுக்காதீங்க."

மூச்சுக் குழாயோடு சில நாள் கிடந்தாள். நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் முற்றி, ஒரு விடிகாலையில் போய்ச் சேர்ந்தாள்.

இழவு வீட்டில், ஆட்கள் கலைந்த பிறகு, அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். "பச்சப் புள்ளைக்குத் தண்ணி ஊத்தப் பழக்கிக் குடுத்தா. அவ பழக்கினதே அவளுக்கு எமனா வந்துருச்சுடா."

"அக்கா, இத இன்னொரு தடவ சொல்லாத. பாப்பா காதுல விழுந்தா அப்புறம் நமக்குள்ள ஒறவே இல்ல."

அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். மகளைக் கல்லுப்பட்டிக்குக் கூட்டிப்போனாள். நான் தடுக்கவில்லை. அங்கே மகளை ஒரு துரும்பை எடுக்க விடவில்லை. நான் ஞாயிறுதோறும் போவேன். மகள் வாயைத் திறந்து காத்திருப்பாள், அக்கா ஊட்டுவாள். பட்டன் போடச் சொன்னால் கையைத் தொங்கப்போட்டபடி நிற்பாள். கண் சுவரைப் பார்க்கும். அந்தப் பார்வையை ஏற்கெனவே கண்டவன் நான். அடுத்த வாரமே கூட்டிவந்துவிட்டேன். அக்கா அதற்கும் அழுதாள்.

திரும்ப முதலிலிருந்து தொடங்கினோம். என் பொறுமை மனைவியின் பொறுமையில் பாதிகூட இல்லை. மகள் பட்டனோடு போராடும்போது கை என்னையறியாமல் நீளும். இழுத்துக்கொள்வேன். மெல்ல மெல்ல எல்லாம் அவளுக்குத் திரும்பி வந்தன. செம்பைத் தொட மட்டும் நான்தான் பயந்துபோய் அவளை விடவில்லை. ஒரு நாள் அவளாகவே ஸ்டூலைத் தேடி இழுத்துப் போட்டு, எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தேன். அப்போதுதான் கேட்டாள்.

"அப்பா, நான் அம்மாவுக்கும் தண்ணி குடுத்தேன்ல?"

"ஆமா பாப்பா."

"அம்மா குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க."

அவள் டம்ளரைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தாள்.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். காலையில் நான் எழுப்பவே வேண்டியதில்லை. பார்ப்பவர்கள் தாயில்லாத பிள்ளை எவ்வளவு பொறுப்பு என்கிறார்கள். அன்று அவள் தண்ணீர் கொடுத்ததைப் பற்றி எதிர்வீட்டம்மாவும் அக்காவும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் என்றைக்காவது யார் வாயிலிருந்தாவது வந்துவிடும். அதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். எந்த வயதில், எந்தச் சொல்லில் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.