ஒரு வரி கீழே இறங்கிய பெயர்கள்

பிள்ளைகளே, நான் ஓ/எல், அதாவது பதினோராம் வகுப்பு வரைதான் படித்தவன். கம்பியூட்டரைத் தட்டித் தட்டியே பழகினேன். யுத்த காலத்தில் மட்டக்களப்பு டவுனில் ஒரு நிவாரண அலுவலகத்துக்கு இணையப் பக்கம் செய்தேன். இடம்பெயர்ந்த குடும்பங்கள் எந்த முகாமில் இருக்கின்றன என்று வெளிநாட்டு உறவுகள் பார்க்கும் பட்டியல் அது. பெயர்கள் ஒரு தாளில் வரும், முகாம்கள் இன்னொரு தாளில் வரும். வந்தபடியே பெயர்களை இடப்பக்கம் ஒரு பெட்டியிலும் முகாம்களை வலப்பக்கம் ஒரு பெட்டியிலும் போட்டேன். என் திரையில் வரிக்கு வரி நேராகத்தான் நின்றது.

ஒரு காலை, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு தாய் அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். ஊரைவிட்டு ஓடும்போது அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அவளுடைய தகப்பனிடமிருந்து பிரிந்துவிட்டார்கள்.

"அண்ணன், செங்கலடி முகாம் எண்டு உங்கட பக்கத்தில பாத்துத்தான் அப்பாவ விடிய அனுப்பின. இப்ப அந்த முகாமில கேட்டா அப்படிப் பிள்ளைகள் இல்லையாம்."

"தங்கச்சி, ஆரையம்பதி எண்டுதானே இரிக்கு?" என்றேன், என் திரையைப் பார்த்து.

"எனக்கென்ன கண் தெரியாதா? செங்கலடி!"

எதை அழுத்தித் திறக்கிறாள் என்று கேட்டேன். நரிப் படத்தை என்றாள். எனக்குத் தெரிந்தது நீல எழுத்துப் படம் ஒன்றுதான். பக்கத்தைத் திறந்து காட்டும் உலாவிகள் பல உண்டு, ஒரே பக்கத்தை ஒவ்வொன்றும் வேறு விதமாகக் காட்டும் என்று நான் யோசித்ததே இல்லை.

அலுவலகத்து ஐயா எட்டிப் பார்த்தார். "என்னடா தம்பி, உன்ட பக்கம் ஆளுக்கொரு கதை சொல்லுதோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செங்கலடிப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டது. வீதியைப் பூட்டிவிட்டார்களாம்.

நரி உலாவியை இறக்கத் தொடங்கினேன். இணையம் வந்த போன் லைன் இரண்டு தரம் அறுந்தது. இரண்டு தரமும் முதலிலிருந்து தொடங்கினேன். உச்சிவெயிலில்தான் அது திறந்தது. அதில் எழுத்து சற்று அகலம். ஊர்ப்பெயரும் தகப்பன் பெயரும் சேர்ந்த ஒரு நீளப் பெயர் இரண்டு வரியாக மடிந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த எல்லாப் பெயர்களும் ஒரு வரி இறங்கி, அடுத்த குடும்பத்தின் முகாமுக்கு நேரே நின்றன.

இரண்டு பெட்டிகளையும் உடைத்தேன். ஒரு குடும்பத்தின் பெயரையும் முகாமையும் ஒரே கட்டத்துக்குள் சேர்த்துப் பூட்டினேன். ஒவ்வொன்றாக, பட்டியல் முடியும்வரை. சாப்பிடவில்லை. இரண்டு உலாவியிலும் திறந்து பார்த்துவிட்டுக் குவைத்துக்குச் சொன்னேன்.

"இப்ப ஆரையம்பதி எண்டு காட்டுது அண்ணன்," என்றாள். "முந்தியும் இதே பக்கம்தானே சொன்னது? நான் என்னத்த நம்புற?"

ஐயாவின் மொபைல் நம்பரைக் கொடுத்து நாலு மணிக்கு எடுக்கச் சொன்னேன். அந்த மொபைலை வாங்கிக்கொண்டு ஆரையம்பதிக்குச் சைக்கிளை மிதித்தேன்.

பிள்ளைகள் ஆரையம்பதி முகாமில்தான் இருந்தார்கள். மணி அடித்ததும் மூத்தவளின் காதில் போனை வைத்தேன். தாயின் சத்தம் கேட்டு அவள் விம்மினாள். மறுகா என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"மாமா, அம்மப்பா எப்ப வருவாரு?"

"வருவாரு மனே," என்றேன். பூட்டிய வீதியில் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவரை அந்தப் பக்கம் அனுப்பியது நான் செய்த பக்கம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.