நாத்தனாரின் காலைச் சுற்று

வீடு வீடாக மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையில் பதினெட்டு வருடம் ஓட்டியவளுக்குத் தெருவெல்லாம் ஒரே பெயர், மீட்டரம்மா. வெயிலைப் பற்றி அவள் ஒருநாளும் குறைபட்டதில்லை, கணவனின் தங்கை அதே அலுவலகத்தில் வேலைக்குச் சேரும்வரை.

நாத்தனாருக்கு ஆஸ்துமா. மருத்துவரின் கடிதத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், கோடை முடியும்வரை காலைச் சுற்றை அவளுக்கே கொடுத்துவிட்டார். பதினொரு மணிக்கெல்லாம் அவள் மின்விசிறிக்கு அடியில். மீட்டரம்மாவுக்கு மதியச் சுற்று, வண்டிகள் விடாமல் இரையும் பெரிய சாலையோரத்து மாடி வீடுகள்.

"இன்ஹேலரை லிப்ஸ்டிக் மாதிரி பையில போட்டுக்கிட்டு மினுக்குறா," என்று கணவனிடம் பொருமினாள். தங்கை விஷயத்தில் அவனுக்கு எப்போதும் காது மந்தம்.

ஒருநாள் அலுவலகத்தில் சாப்பிடும்போது நாத்தனாரே பேச்செடுத்தாள். "அண்ணி, மதியத்துக்கு மேல காத்துல ஓசோன் ஏறிடுதாம். பார்த்து நடங்க."

"வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கு. அதோட, ஓசோன் நல்லதுதானே? ஓட்டை விழுந்துடுச்சுன்னு பள்ளிக்கூடத்துல அத்தனை புலம்பினாங்களே!"

"அது உசரத்துல இருந்தா நம்மளைக் காப்பாத்தும் அண்ணி. இது வண்டிப் புகை வெயில்ல வெந்து கீழேயே உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சை அரிக்கும்."

"நாத்தனார் மாதிரின்னு சொல்லு. தூரத்துல இருந்தா தங்கம்."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அதுவும் இவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரமே தொண்டை எரிய ஆரம்பித்தது. முகத்தில் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டிப் பார்த்தாள்; வாயுவுக்குத் துணி ஒரு தடையா? மூன்றாம் மாடியில் மூச்சை முழுதாக இழுக்க முடியாமல் நெஞ்சு பாதியில் பிடித்துக்கொண்டது. படியில் உட்கார்ந்து இருமினாள். மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னால் காலைச் சுற்று கிடைக்கலாம். ஆனால் நாத்தனார் சொன்னது சரியென்று ஆகிவிடுமே! நான்கு நாள் மூச்சைவிட ரோஷம் பெரிதாக இருந்தது. ஐந்தாம் நாள் மீட்டரின் எண்களே கண்ணுக்கு மங்கின.

"ஆஸ்துமா இல்லேன்னா ஓசோன் விட்டுடும்னு நினைச்சீங்களா? வெயில்ல மூச்சு வாங்க உழைக்கிற யாரையும் அது விடாதும்மா. மதியம் வெளியே போகாதீங்க," என்றார் மருத்துவர்.

அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், "உங்களுக்குமா?" என்றார்.

"ஏன் சார், அவளுக்கு மட்டும்தான் நுரையீரல் இருக்கா?"

இப்போது இருவரும் காலை ஏழு மணிக்கே தெருவில் இறங்குகிறார்கள். இருமல் அடங்கிவிட்டது. நிழல் எந்தப் பக்க வீடுகளில் விழுகிறது என்று மட்டும் மீட்டரம்மா முதலில் பார்த்துக்கொள்கிறாள். நாத்தனார் அடியெடுத்து வைப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.