மண்ணில் என் பங்கு

ராயபுரத்தில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பத்திரம் எழுதியவர் மெலிந்த மனிதர், வெற்றிலைச் சிவப்பேறிய உதடுகள். ஒவ்வொரு வரியின் கீழும் விரல் வைத்து உரக்க வாசித்துக் காட்டினார். கைக்குழந்தையோடு போன நான், "யூ.டி.எஸ்.னா என்னண்ணா?" என்று இரண்டாம் முறையும் கேட்டேன்.

"மண்ணுல உன் பங்கும்மா. வூடு இடிஞ்சாலும் மண்ணு உன்னுதுதான். இன்னாத்துக்குப் பயப்புட்ற? நான் கீறேன்ல."

இப்போது பில்டர் மேலே இன்னொரு மாடி எழுப்புகிறார். பத்திரத்தைப் புரட்டினேன். மாடி கூடினால் என் பங்கு குறையச் சம்மதம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் அவர் எனக்கு வாசிக்கவே இல்லை.

பத்திரம் எழுதியவரிடமே போய்க் கேட்டேன்.

"நீ அர்த்தம் கேட்ட, சொன்னேன். கொறையுமான்னு கேட்டியாம்மா?"

கேட்காதது என் தப்புதானோ என்று இன்னும் குழம்புகிறேன். அவரை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்?