பேர் எழுதாத தண்டை

ஆம்பூரில் எங்கள் தெருவுக்குக் கதர் மூட்டையோடு வருகிற பாய்தான் கட்சி நிதிக்கும் பொறுப்பு. பணம் கொடுத்தால் ரசீது தருவார். பெண்கள் நகை கொடுத்தால் மட்டும் ரசீது கிடையாது. "பேரு எழுதாதீங்க பாய், ஊட்ல தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க" என்று நாங்கள்தான் அவர் கையைக் கட்டிப்போட்டோம். யார் கேட்டாலும் சொல்லமாட்டேன் என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் கொடுத்தது ஒரு ஜோடி வெள்ளித் தண்டை. என் பெண் ஒன்றரை வயதில் பேதியில் போனாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவள் போட்டிருந்த அந்தத் தண்டைதான் கண்ணில் பட்டது. எதற்காவது உபயோகப்படட்டும் என்று கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் தோல் மண்டியில் கணக்கெழுதுகிறவர். அந்த முதலாளி வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் தோல் அனுப்புகிறவர். கட்சிக்குக் காலணா கொடுத்தாலும் வேலை போய்விடும் என்று மண்டி ஆட்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

பாய் கட்சிப் பணத்தைத் தின்றுவிட்டார் என்று எந்தப் புண்ணியவானோ மனு போட்டான். போலீஸ் வந்து சோதித்தது. பணம் ரசீதுக்குச் சரியாக இருந்தது. நகைக்குத்தான் ஆதாரம் இல்லை. கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவோம், இல்லாவிட்டால் திருட்டு நகை என்று சொல்லி, அவரை விலங்கோடு வீடு வீடாக அழைத்து வந்தார்கள்.

எங்கள் வாசலில் இன்ஸ்பெக்டர் தண்டையை நீட்டினார். திருகாணி போன இடத்தில் நான் கட்டிய சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

"இன்னாமா, உன்னுதா இது?"

பக்கத்தில் என் வீட்டுக்காரர். அவருக்கு அடையாளம் தெரியாமலா இருக்கும்? முகம் வெளிறித் தரையைப் பார்த்தார்.

என் பிள்ளை போட்டு நடந்த தண்டையைப் பார்த்து, "இல்லீங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் பாய் பக்கம் திரும்பினார். "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார் பாய். தெருவில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மற்றவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பாய் வேலூர் ஜெயிலில் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்தார். மூட்டை தூக்க உடம்பில் தெம்பில்லை. திருடன் என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் சந்தையில் எதிரே வந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே கிட்டே வந்தார்.

"அந்தத் தண்டைய சர்க்கார்ல ஏலம் போட்டுட்டாங்கம்மா. கொயந்தையோடதுன்னு தெரியும். காப்பாத்த முடியல, மன்னிச்சுக்கங்க."

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "பரவால்ல பாய்" என்றேன்.